வாங்க ஒரு படி, விற்க ஒரு படி: குடியாத்தம் வழக்கும் தன்பாலினத் திருமண விவாதமும்

2025 மே மாதம். குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வந்தது. எதிர்மனுதாரர் வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். மனு போட்டவர் ஒரு பெண். தன் நெருங்கிய தோழியை அவருடைய வீட்டார் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பது மனுவின் சாரம்.

நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் வி.லட்சுமிநாராயணனும் 25 வயதான அந்தப் பெண்ணை வரவழைத்துப் பேசினார்கள். தான் தன்பாலீர்ப்பு உடையவர், மனு போட்டவர்தான் தன் துணை என்று அவர் சொன்னார். விருப்பமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள், 'சரியாக்க' சடங்குகள் செய்தார்கள் என்றும் சொன்னார். தாயின் பேச்சு வேறு: இவள்தான் என் மகளைக் கெடுத்தாள். மே 22ஆம் தேதி வந்த தீர்ப்பு, அந்தப் பெண் தன் விருப்பப்படி துணையுடன் போகலாம் என்றது. பெற்றோருடன் போகும்படி அவரைக் கட்டாயப்படுத்திய காவல்துறையைக் கண்டித்தது. தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இல்லாவிட்டாலும் அவர்கள் குடும்பமாக வாழ முடியும், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று எழுதி, 'தேர்ந்துகொண்ட குடும்பம்' என்ற கருத்தை ஏற்றது. தன்பாலீர்ப்பு உடைய தன் மகனுக்காகப் பகிரங்கமாக எழுதிய நீதிபதி லீலா சேத்தைப் போல எல்லாத் தாய்மாரும் இருந்துவிட முடியாது என்று அந்தத் தாயின் நிலையையும் தொட்டுக்காட்டியது.

மனுவில் 'துணை' என்ற சொல்லே இல்லை. 'நெருங்கிய தோழி' என்றுதான் இருந்தது. இந்தச் சமூகத்தில் அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே என்றார்கள் நீதிபதிகள்.

தன்பாலினத் திருமணம் பற்றி நம்மூரில் நடக்கும் வாக்குவாதங்களை எடைபோட இந்த வழக்கு நல்ல இடம். 2023இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், இது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் பார்வை என்றது. குடியாத்தம் கைத்தறி லுங்கியும் தீப்பெட்டியும் பீடியும் தெரிந்த ஊர். அதை யாரும் மேட்டுக்குடி நகரம் என்று சொல்ல மாட்டார்கள்.

சட்டம் இன்று எங்கே நிற்கிறது

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலேயர் 1860இல் எழுதிய தண்டனைச் சட்டத்தில் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவை 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் முடக்கியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயது வந்தோர் மனமொத்து உறவுகொள்வது குற்றமல்ல என்றது. திருமணம் தனி வழக்கு. 2023 ஏப்ரல், மே மாதங்களில் பத்து நாள் வாதம் நடந்து அக்டோபர் 17ஆம் தேதி தீர்ப்பு வந்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஐந்து பேரும் ஒத்துப்போனார்கள். திருமணம் அல்லாத 'இணைவு' ஒன்றுக்காவது அரசு ஏற்பு தர வேண்டுமா, சேர்ந்து தத்தெடுக்கலாமா என்ற கேள்விகளில் 3க்கு 2 என்று பிரிந்தார்கள். சந்திரசூட்டும் கௌலும் வேண்டும் என்றார்கள். ரவீந்திர பட், ஹிமா கோலி, நரசிம்மா மூவரும் அது நாடாளுமன்றத்தின் வேலை என்றார்கள். மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின.

இன்னொரு விவரம் அடிக்கடி விட்டுப்போகிறது. திருநங்கையும் ஆணும் செய்யும் திருமணம் இதில் சேராது. 2019 ஏப்ரலிலேயே மதுரைக் கிளையில், இந்து திருமணச் சட்டத்திலுள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பாகிவிட்டது. அதைச் சொன்னவரும் இதே நீதிபதி சுவாமிநாதன்தான். 2023 தீர்ப்பும் அந்த உரிமையை உறுதி செய்தது. ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் திருநங்கை மணமகளாகக் கையெழுத்துப் போடலாம், இரண்டு பெண்கள் போட முடியாது. வாதாடுகிறவர்களில் பாதிப்பேர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

'சகிப்பு' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று

சகித்துக்கொள்வது என்றாலே பிடிக்காததைப் பொறுத்துக்கொள்வது. பிடித்துவிட்டால் அங்கே சகிப்புக்கு வேலை இல்லை. ஆனால் இந்த விவாதத்தில் மூன்று வெவ்வேறு கோரிக்கைகள் அந்த ஒரே சொல்லுக்குள் அடைபட்டிருக்கின்றன.

முதலாவது, அடிக்காதே, அடைத்து வைக்காதே, வேலையை விட்டுத் துரத்தாதே. இரண்டாவது, அரசு தரும் காகிதம்: பதிவுச் சான்று, வாரிசுரிமை, ஓய்வூதியம். மூன்றாவது, மனதார ஏற்றுக்கொள், வாழ்த்து சொல், பத்திரிகை வைத்தால் வா. முதலாவதில் பெரும்பகுதியைச் சட்டம் இன்றே கட்டாயமாக்குகிறது. இரண்டாவது அரசியல் கேள்வி. மூன்றாவதை எந்தச் சட்டமும் யாரிடமும் வசூலிக்க முடியாது.

ஏமாற்று எங்கே நடக்கிறது என்றால், ஒரு கோரிக்கையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது. எதிர்ப்பவர் மூன்றாவதிலிருந்து முதலாவதுக்கு இறங்குகிறார்: எனக்குப் பிடிக்கவில்லை, ஆகவே பெண்ணைப் பூட்டி வைத்தது பெற்றவர்கள் உரிமை. ஆதரிப்பவர் முதலாவதிலிருந்து மூன்றாவதுக்கு ஏறுகிறார்: நீ வாழ்த்தவில்லை, ஆகவே நீயும் அடித்தவனும் ஒன்று. இரண்டும் ஒரே பிழை. குடியாத்தம் வழக்கில் நீதிமன்றம் உத்தரவாகப் போட்டது முதலாவதை மட்டும். அந்தத் தாயை மனம் மாறச் சொல்லவில்லை, மகளைத் தடுக்காதே என்றதோடு நின்றது. தீர்ப்பை 'கல்யாணத்துக்கு அனுமதி' என்று கொண்டாடியவர்களும் 'கலாச்சாரச் சீரழிவு' என்று திட்டியவர்களும் தலைப்புக்கு மேல் படிக்கவில்லை என்றே தோன்றுகிறது.

நம் பக்கத்து வீடுகளில் கேட்கும் வாசகம் இந்த மூன்றுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது: "ஊர்ல யாரோ எப்டியோ இருந்துட்டுப் போவட்டும்மா, நம்ம வூட்ல வேணாம்." இதைப் போலித்தனம் என்று உடனே சொல்லிவிடுகிறார்கள். அப்படி இல்லை. ஊரில் யாரோ எப்படியோ இருக்கட்டும் என்பது முதலாவது கோரிக்கைக்கு அரைமனதாகவேனும் கிடைத்த சம்மதம். வீட்டில் வேணாம் என்று சொல்லிவிட்டு மகளுக்குக் கயிறு கட்டி மந்திரிக்கக் கூட்டிப் போகும்போதுதான் அது உடைகிறது. மருத்துவப் பெயரில் இப்படி 'மாற்றும் சிகிச்சை' செய்யக் கூடாது என்று 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்து, அது தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. வேப்பிலை அடிப்பவருக்கு ஆணையம் கிடையாது.

அந்த 2021 வழக்கில் நீதிபதி செய்த ஒரு காரியம் இந்தப் பேச்சுக்கே முன்மாதிரி. இந்த விஷயத்தில் தனக்குத் தெளிவு போதாது, முன்முடிவுகள் இருக்கின்றன என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் தீர்ப்பு எழுதினார். எதிராகவோ ஆதரவாகவோ கருத்து சொல்ல வருபவர்களில் எத்தனை பேர் அதற்கான நேரத்தைச் செலவிட்டிருப்பார்கள்?

பக்கத்துக் கல்யாணத்துக்கு மாற்றிப் பார்ப்பது

இரட்டை அளவுகோலைக் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. சொன்ன காரணத்தை அப்படியே எடுத்து இன்னொரு கல்யாணத்துக்குப் பொருத்த வேண்டும். அங்கேயும் அவர் அதையே சொல்வாரானால், பிடிக்கிறதோ இல்லையோ, அது கொள்கை. அங்கே மாற்றிப் பேசினால், சொன்ன காரணம் உண்மையான காரணம் அல்ல.

'கல்யாணம் என்பது காலங்காலமாக இப்படித்தான், சட்டத்தால் மாற்ற முடியாது' என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இதைச் சொல்ல ஒருவருக்குக் கொஞ்சம் மறதி வேண்டும். 1920களின் இறுதியிலிருந்து ஐயரும் ஓமமும் இல்லாமல் சுயமரியாதைத் திருமணங்கள் நடந்தன. வட ஆற்காட்டிலும் மேடை போட்டு, மாலை மாற்றி, பேச்சோடு முடிந்த கல்யாணங்கள் ஏராளம். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் இவை சட்டப்படி திருமணமே ஆகாது என்றது. சடங்கும் இல்லை, நிலைபெற்ற வழக்கமும் இல்லை என்பது காரணம். அந்த ஒரு வரியின் விளைவை யோசித்துப் பாருங்கள். பத்து, இருபது வருடம் குடும்பம் நடத்தியவர் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை. பிள்ளைகளின் வாரிசுரிமை கேள்விக்குறி. பங்காளி ஒருவர் வழக்குப் போட்டால் நிலம் போய்விடும். ஊர் அவர்களைக் கணவன் மனைவி என்றுதான் அழைத்தது. ஊர் சகித்தது, பல இடங்களில் ஏற்கவும் செய்தது. காகிதம் மட்டும் இல்லை.

காகிதம் வர 14 ஆண்டு ஆனது. 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தார்கள். உறவினர், நண்பர் அல்லது வேறு யார் முன்னிலையிலும் மூன்றில் ஒன்றைச் செய்தால் போதும்: இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாகச் சொல்வது, மாலையோ மோதிரமோ மாற்றுவது, தாலி கட்டுவது. முன்பு நடந்த திருமணங்களுக்கும் இது பின்னோக்கிச் செல்லும் என்றும் எழுதினார்கள். அதுதான் அந்தச் சட்டத்தின் உயிர். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழக்கறிஞர் முன்னிலையிலும் இப்படி மணந்துகொள்ளலாம் என்று இதே பிரிவை வைத்துச் சொன்னது.

ஆக, சட்டத்தால் திருமணத்தின் வடிவத்தை மாற்ற முடியும், நாம் மாற்றியிருக்கிறோம். அந்த மாற்றத்தால் பிறந்த பதிவுச் சான்றைப் பீரோவில் வைத்துக்கொண்டு 'சட்டத்தால் மாற்றக் கூடாது' என்பவர், வாங்க ஒரு படியும் விற்க ஒரு படியும் வைத்திருக்கிறார். மாறாக, 1967ஐக் காட்டி 'ஆகவே இதுவும் தானாக வந்துவிடும்' என்பவரும் பிரிவை முழுக்கப் படிக்கவில்லை. 7ஏ 'இரு இந்துக்களுக்கு இடையே' என்று தொடங்குகிறது, 'அவனுடைய மனைவியாக, அவளுடைய கணவனாக' என்று முடிக்கிறது. முதல் பாதி ஒருவருக்கு இனிக்கும், இரண்டாம் பாதி இன்னொருவருக்கு. சடங்கை மாற்றிய சட்டம் அது, ஆண், பெண் என்பதைத் தொடவில்லை. அதை மாற்றுவதற்கு இன்னொரு வாதம் தனியாக வைத்தாக வேண்டும்.

'பிள்ளை பெறத்தானே கல்யாணம்' என்பதற்கு இவ்வளவு நீளம் தேவையில்லை. அறுபது வயதில் துணை தேடி மறுமணம் செய்யும் இருவரைச் சார்பதிவாளர் திருப்பி அனுப்புவதில்லை. இந்து திருமணச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு வயது, மனநிலை, ஏற்கெனவே துணை இருக்கிறதா, தடைசெய்த உறவா என்று கேட்கிறது. மனநோய் பற்றிய ஓர் உட்பிரிவைத் தவிர வேறெங்கும் பிள்ளை பெறும் தகுதியைக் கேட்பதில்லை.

பெற்றோரின் கண்ணீர் வேறு ரகம். அது உண்மையான கண்ணீர், அதைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் அதே கண்ணீர் சாதி மாறிய கல்யாணத்திலும் வருகிறது. அங்கே, பெற்றோரோ ஊரோ தலையிட உரிமை இல்லை, காவல்துறை பாதுகாப்புத் தர வேண்டும் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறி வகுத்தது. சாதி மறுப்புத் திருமணத்துக்கு மேடை போடும் ஒருவர், 'பெற்றவர்கள் மனசு என்ன பாடுபடும்' என்று குடியாத்தம் பெண்ணுக்கு மட்டும் சொன்னால், முதல் மேடையில் அவர் பேசியது வெறும் பேச்சு.

இதன் மறுபக்கத்தை ஆதரவாளர்கள் விரும்பிப் பேசுவதில்லை. 2015இல் மும்பையில் ஒரு தாய் தன் மகனுக்கு மாப்பிள்ளை தேடி மணமகன் தேவை விளம்பரம் கொடுத்தார். சாதி தடையில்லை, ஆனால் ஐயராக இருந்தால் நலம் என்று அதில் இருந்தது. பாலினச் சுவரை இடித்துவிட்டுச் சாதிச் சுவருக்கு வெள்ளையடிப்பதா என்று அப்போதே கேள்வி எழுந்தது. இன்றும் 'யார் யாரை வேண்டுமானாலும் நேசிக்கலாம்' என்று பதாகை பிடிக்கும் பலருக்கு, பக்கத்து ஊரில் ஒரு தலித் இளைஞன் வேறு சாதிப் பெண்ணைக் காதலித்ததற்காகக் கொல்லப்படும்போது பதாகை கையில் இருப்பதில்லை.

நீதிமன்றமா, சட்டமன்றமா

எங்கள் வேலூர்ப் பக்கம் பொங்கலையொட்டி எருது விடும் விழா நடக்கும். மதுரைப் பக்கம் போலத் திமிலைப் பிடித்துத் தொங்குவது இல்லை. இருபுறமும் தடுப்பு கட்டிய தெருவில் காளையை அவிழ்த்துவிட்டு, அது தூரத்தை எவ்வளவு நொடியில் கடக்கிறது என்று கணக்குப் பார்ப்பது. 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தபோது இதுவும் சிக்கலில் மாட்டியது. 'எங்கள் பண்பாட்டில் தலையிட நீதிமன்றம் யார்' என்று ஊரே கேட்டது. 2017 ஜனவரியில் சட்டமன்றம் சட்டம் திருத்தியது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது.

அன்று 'மக்கள் மன்றமே முடிவு செய்யட்டும்' என்று மெரினாவுக்குப் போனவர்களில் ஒரு பகுதியினர், 2023 அக்டோபரில் 'உரிமையை நாடாளுமன்றத்தின் கையில் விடுவதா' என்று கொதித்தார்கள். எதிர்த் தரப்பில், 'ஐந்து நீதிபதிகள் நாட்டின் கலாச்சாரத்தைத் தீர்மானிக்கக் கூடாது' என்றவர்கள் தங்களுக்குச் சாதகமான வேறு வழக்குகளில் நீதிமன்றத் தீர்ப்பைத் தெய்வவாக்காகக் காட்டுகிறார்கள். இரண்டு இடத்திலும் வேறுபாடு இருக்கலாம்: சிறுபான்மையின் உடல் உரிமையைப் பெரும்பான்மை வாக்கெடுப்புக்கு விட முடியாது, விளையாட்டை விடலாம் என்று ஒருவர் வாதிடலாம். நல்ல வாதம்தான். அதைச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். சொல்லாமல், தீர்ப்பு எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்த்துவிட்டு நீதிமன்றத்தின் மேல் மரியாதையைக் கூட்டிக் குறைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. நீதிபதிகள் விஷயத்திலும் இதே கதை. பெயரைப் பார்த்துவிட்டுத்தான் பலர் தீர்ப்பைத் திறக்கிறார்கள்.

எண்ணிக்கையும் அப்படியே. 2013 தீர்ப்பு தன்பாலீர்ப்பு உடையவர்களை மிகச் சிறிய பகுதியினர் என்று ஒதுக்கியபோது, 'உரிமைக்கு எண்ணிக்கை எதற்கு' என்று ஆதரவாளர்கள் கேட்டார்கள். சரியான கேள்வி. 2023இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம், தன்பாலினத் திருமணத்துக்கு இந்தியாவில் 53 சதவீதம் பேர் ஆதரவு, 43 சதவீதம் பேர் எதிர்ப்பு என்றதும் அதே ஆட்கள் அதைச் சுற்றுக்கு விட்டார்கள். 'மக்கள் எதிர்க்கிறார்கள்' என்று சொல்லிவந்தவர்களுக்கோ அன்றுதான் கருத்துக்கணிப்புகளின் குறைபாடுகள் நினைவுக்கு வந்தன.

கூத்துமேடையில் பெண் வேடம்

மரபு யாருடைய கட்சி? தமிழ்நாட்டில் இரு தரப்பும் அதைத் தங்கள் பக்கம் இழுக்கின்றன. எதிர்ப்பவர் 'மேற்கத்திய இறக்குமதி' என்பார். 377ஆவது பிரிவும் இறக்குமதிதான் என்று பதில் வரும், அதுவும் உண்மை. ஆதரிப்பவர் கூவாகத்தைக் காட்டுவார்: சித்திரையில் திருநங்கைகள் கூத்தாண்டவராகிய அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுக்கிறார்களே, அரவான் நம் ஊர்த் தெய்வமாயிற்றே.

வட ஆற்காட்டுக்காரருக்கு அரவானைத் தனியாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதம் படித்து, இரவில் கூத்து நடக்கும். அரவான் களபலி ஒரு இரவு. ஆண்கள் பெண் வேடம் கட்டி விடிய விடிய ஆடுவார்கள். பாஞ்சாலி வேடம் கட்டியவர் மேடைக்கு வரும்போது கிழவிகள் கும்பிடுவார்கள். அதே தெருவில் நடை கொஞ்சம் மென்மையான பையனுக்குப் பட்டப்பெயர் வைத்துப் பள்ளிக்கூடத்தை விட்டே துரத்தவும் செய்வார்கள். மேடையில் கும்பிடு, தெருவில் கல். இதைவிட வெளிப்படையான இரட்டை அளவுகோல் கிடையாது.

ஆனாலும் இதைத் தன்பாலினத் திருமணத்துக்குச் சான்றாக வைக்க முடியாது. வேடம் கட்டுவது கலை. கூவாகத் தாலி ஒரு சடங்கு, தெய்வத்தோடு, ஒரு நாளைக்கு. இரண்டு பெண்கள் முப்பது வருடம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து வீட்டுவரி கட்டுவது வேறு சங்கதி. எதிர்ப்பவரின் 'மரபில் இல்லை' பொய்யாக இருக்கலாம். அதனால் ஆதரவாளரின் 'மரபில் இருந்தது' மெய்யாகிவிடாது. மரபில் இல்லாததால் ஒன்று தவறாகிவிடாது என்று நேராகச் சொல்வதே யோக்கியமான வழி. சுயமரியாதைத் திருமணக்காரர்கள் அதைத்தான் சொன்னார்கள்.

ஓர் இடைக்குறிப்பு: கெங்கையம்மன் சிரசு என்பது கற்பின் மேல் விழுந்த சந்தேகத்தால், கணவன் சொல்லி மகன் கையால் தலை வெட்டப்பட்ட ரேணுகையின் கதை. குடியாத்தம் ஆண்டுதோறும் வைகாசி முதல் நாளில் தோளில் தூக்கி வருவது வெட்டுப்பட்டவளின் தலையை. வெட்டச் சொன்னவருக்கு அங்கே ஊர்வலம் கிடையாது.

மீம் போடுகிறவர்களும் பூசை செய்கிறவர்களும்

இரண்டு எதிரெதிர் அரசியல்வாதிகள் கூட்டணி வைத்தால், அவர்கள் முத்தமிடுவதுபோல் படம் வெட்டி ஒட்டிச் சுற்றுக்கு விடுவது தமிழ் இணையத்தில் தினசரி வேலை. ஜூன் மாதத்தில் முகப்புப் படத்தை வானவில்லாக மாற்றுகிறவர்களும் இதைப் பகிர்கிறார்கள். இந்தக் கேலி சிரிப்பு வரவைப்பதற்கு ஒரே காரணம், ஆணும் ஆணும் முத்தமிடுவது கேவலம் என்று பார்ப்பவர் மனதில் இருப்பதுதான். எதிர்க்கருத்துக்காரரைப் 'பொட்டை' என்பதும், 'நீயே உள்ளுக்குள் அப்படித்தானோ' என்று கேட்பதும் இதே சரக்கு. பிடிக்காதவரைத் திட்டும் வசவாக ஓர் அடையாளத்தைப் பயன்படுத்திக்கொண்டே அதற்கு மரியாதை கேட்க முடியாது. சொல்லில் அக்கறை வேண்டும் என்று 2022இல் நீதிமன்ற உத்தரவின்பேரில் தமிழ்நாடு அரசு கலைச்சொல் பட்டியலே வெளியிட்டது. 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல் ஒரு மனிதரின் முழு வாழ்வைப் படுக்கையறைக்குள் சுருக்குகிறது, 'தன்பாலீர்ப்பு' அப்படிச் செய்வதில்லை.

மனசாட்சியின் பேரில் மறுப்பவர்களை என்ன செய்வது என்பது கடினமான கேள்வி. வேலூரில் கோயில், மசூதி, தேவாலயம் எல்லாம் ஒரே கடைத்தெரு தூரத்தில் இருப்பதால் இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. நிக்காஹ் ஓர் ஒப்பந்தம், கத்தோலிக்கருக்குத் திருமணம் திருவருட்சாதனம், இந்துக்களில் பலருக்கு அது சம்ஸ்காரம். 2023இல் நீதிமன்றம் இவை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. மதச் சட்டங்களுக்குள் போகாமல், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தோடு நீதிமன்றம் விசாரணையை நிறுத்திக்கொண்டது. ஆகவே 'நாளைக்கு எங்கள் போதகரை இழுத்துவந்து நடத்தச் சொல்வார்கள்' என்ற பயம் அந்த வழக்கின் மேல் ஏற்றப்பட்டது, அதற்குள் இருந்தது அல்ல. குருக்களும் போதகரும் ஹஜ்ரத்தும் மறுக்கலாம். மக்கள் வரியில் சம்பளம் வாங்கும் சார்பதிவாளர், நாளை சட்டம் மாறினால், மறுக்க முடியாது.

நடுவில் நிற்பவர் கடைக்காரர். 2018இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வட அயர்லாந்து பேக்கரி ஒன்றின் வழக்கில் ஒரு கோடு கிழித்தது. வாடிக்கையாளர் யார் என்பதற்காகக் கேக் விற்க மறுப்பது பாகுபாடு. ஆனால் 'தன்பாலினத் திருமணத்தை ஆதரியுங்கள்' என்ற வாசகத்தைக் கேக்கில் எழுதும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. யாருக்கு விற்கிறாய் என்பது வேறு, எதைச் சொல்ல வைக்கிறாய் என்பது வேறு. நம்மூர் பிளெக்ஸ் பேனர் அச்சகத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தன் சாதிக்கு எதிரான வாசகத்தை அச்சடிக்க மறுக்கும் உரிமை வேண்டும் என்பவர், வானவில் வாசகத்தை மறுப்பவருக்கும் அதே உரிமையைக் கொடுத்தாக வேண்டும். அதேபோல், சாதி பார்த்து மண்டபம் தர மறுப்பதைக் குற்றம் என்பவர், இரண்டு பெண்கள் பிறந்தநாள் விழாவுக்கு அறை கேட்டால் ஆதாரைத் திருப்பிக் கொடுத்து அனுப்புவதைச் சரி என்று சொல்ல முடியாது.

காகிதம் இல்லாததன் விலை

'சேர்ந்து வாழ யார் தடுத்தார்கள், காகிதம் எதற்கு' என்பது இந்த விவாதத்தில் மிகவும் நியாயமானதுபோல் ஒலிக்கும் வாசகம். சொல்பவர் அநேகமாகத் திருமணமானவராக இருப்பார்.

ஒரு கணக்கு. ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் சேர்ந்து 20 லட்சம் மதிப்பில் வீடு வாங்குகிறார்கள், பத்திரம் ஒருவர் பெயரில். அவர் அதை மற்றவருக்கு எழுதிவைக்க நினைக்கிறார். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் போன்ற குடும்பத்தாருக்கு தானசெட்டில்மென்ட் என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 20 லட்சத்துக்கு 20,000 ரூபாய். குடும்பத்தார் அல்லாதவருக்கு 7 சதவீதம், அதாவது 1,40,000 ரூபாய். வித்தியாசம் 1,20,000. பதிவுக் கட்டணம் தனி. எழுதாமலே அவர் இறந்துவிட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவுப்படி திருமணமாகாத பெண்ணின் சொத்து பெற்றோருக்குப் போகும். இருபது வருடம் தவணை கட்டியவர் மறுநாள் வாடகைக்கு இருப்பவர்கூட இல்லை.

இருக்கிற சட்டத்துக்குள் செய்யக்கூடியவை சில உண்டு. ஒவ்வொன்றிலும் வழக்கமாக விழும் ஓட்டையும் உண்டு.

உயில்தான் முதல் காப்பு. முத்திரைத்தாள் வேண்டாம், இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமல்ல. ஆனாலும் பதிந்துவிடுவது நல்லது, பின்னால் 'கையெழுத்தே இல்லை' என்ற வழக்கு வலுவிழக்கும். சாட்சிகள் எழுதியவரைவிட வயதில் குறைந்தவர்களாக, கூப்பிட்டால் நீதிமன்றம் வரக்கூடியவர்களாக இருக்கட்டும். சொத்து பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். இஸ்லாமியராக இருந்தால் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இது தெரியாமல் முழுச் சொத்துக்கும் எழுதி ஏமாறுகிறவர்கள் எந்த வகை உறவிலும் உண்டு.

வங்கிக் கணக்கில் இருவரும் கூட்டாகச் சேரலாம், ஒருவரை ஒருவர் நாமினியாகப் போடலாம். இதற்குத் தடையில்லை என்று ஒன்றிய நிதித்துறை 2024 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்தது. ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகக் கருதலாம் என்று உணவுத்துறையும் சொல்லியிருக்கிறது. ஓட்டை என்னவென்றால், நாமினி பணத்தை வாங்கும் ஆள்தான், உரிமையாளர் அல்ல. வாரிசுகள் கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஆகவே நாமினியும் உயிலும் ஒரே பெயரில் இருக்க வேண்டும்.

பி.எஃப். இதைவிட இறுக்கம். விதியின்படி 'குடும்பம்' உள்ளவர் குடும்பத்தாரைத்தான் நாமினியாக்க முடியும், சார்ந்திருக்கும் பெற்றோர் அந்தக் குடும்பத்தில் சேர்வார்கள். குடும்பம் இல்லாதவர் யாரை வேண்டுமானாலும் போடலாம், பிறகு குடும்பம் ஏற்பட்டால் அந்த நியமனம் செல்லாது.

மருத்துவமனைக்கு: சுயநினைவு உள்ளவரை நோயாளியின் சம்மதம்தான் சம்மதம். குணமாக வாய்ப்பில்லாத நிலையில் நினைவு தப்பினால் உயிர்காப்புச் சிகிச்சையை என்ன செய்வது என்பதற்கு முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் எழுதலாம். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள், பிறகு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் சான்று. முன்புபோல் மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டாம். தன் சார்பில் முடிவெடுக்கும் ஆளின் பெயரை அதில் எழுதலாம். பலர் இதற்குப் பதில் பவர் பத்திரம் எழுதிவைத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். எழுதிக்கொடுத்தவர் நினைவிழந்தாலோ இறந்தாலோ பவர் அங்கேயே முடிந்துவிடும். எப்போது தேவையோ அப்போது அது இருக்காது.

இத்தனைக்கும் பல அலுவலகங்கள் அலைய வேண்டும், திருமணமானவருக்கு ஒரே ஒரு சான்றை நீட்டினால் முடியும். 2023இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 'குடும்ப இணைவு ஒப்பந்தம்' போன்ற ஒரு பதிவுமுறையைத் தமிழ்நாடு அரசு யோசிக்கலாம் என்று சொன்னார். திருமணம் என்ற சொல்லைத் தொடாமல் துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பு மட்டும் தரும் யோசனை அது. 'சகிக்கிறோம், கல்யாணம் என்று மட்டும் சொல்லாதே' என்பவர்கள் உண்மையிலேயே அதைத்தான் சொல்கிறார்களா என்று பார்க்க இதைவிட நல்ல உரைகல் இல்லை. பெயரை விட்டுக்கொடுத்தாயிற்று, பாதுகாப்பையாவது கொடுப்பார்களா? ஆதரவாளர்களுக்கும் அதில் கேள்வி உண்டு. பெயர் இல்லாத இரண்டாந்தரக் காகிதம் எதற்கு என்று அதை ஒதுக்குபவர்களில் எத்தனை பேர் வீட்டாருக்குப் பயந்து வாழ வேண்டியிருக்கிறது?

அதுவரை படிவங்களில் பெயருக்குப் பக்கத்தில் 'உறவுமுறை' என்று ஒரு கட்டம் இருக்கும். குடியாத்தம் வழக்கின் மனுவில் எழுதியதைத்தான் அங்கேயும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்: தோழி.